புன்னைக்காய் வள்ளம்

எங்கள் அய்யாவும் பெரியய்யாவும் பேச்சை நிறுத்தியது ஒரு காற்றை முன்னிட்டு. விடியற்காலையில் பாயை ஏற்றும்போது, இன்றைக்கு வடக்கேயிருந்து வாடை நின்று அடிக்கும் என்றார் பெரியய்யா. இல்லை, கிழக்கே கொண்டலுக்குத் திரும்பிவிடும் என்றார் அய்யா. காற்று இரண்டு பேரையும் மதிக்கவில்லை. ஒரேயடியாக விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்க, அண்ணனும் தம்பியும் உச்சி வெயிலில் துடுப்பு வலித்துக் கரை வந்து சேர்ந்தார்கள். மீன் ஏலத்துக்காகக் கூடியிருந்த சனத்துக்கு நடுவே, "இவன் பேச்சைக் கேட்டுப் போனேன் பாரு" என்று ஒருவரும், "இவரு பேச்சைக் கேட்டுப் போனேன் பாருங்க" என்று மற்றவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. காற்று மறுநாளே திரும்பி வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை.

பேசவில்லை என்பதற்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள் இல்லை. இராமேஸ்வரம் தீவில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு வேப்பமரம் நின்றது. அய்யா அந்த மரத்தைப் பார்த்து, "நங்கூரக் கயிறு இத்துப் போச்சு, இனி தாங்காது" என்பார். பெரியய்யா தன் வாசலில் படுத்திருக்கும் நாயிடம், "அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்பார். அந்த மரத்துக்கும் அந்த நாய்க்கும் தெரிந்திருந்த கடல் விவகாரம் எங்கள் தெருவில் பாதி ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர்களுக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு வள்ளம். தாத்தா விட்டுப்போனது. அதை ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அப்படியே போயிருக்கும், அக்காவுக்குச் சம்பந்தம் வராமல் இருந்திருந்தால்.

மாப்பிள்ளை மண்டபம் ஊர்க் கரைக்காரர். முந்தின வருடத்துக் கச்சத்தீவுத் திருவிழாவில் கொடிமரத்தடியில் அவரைப் பார்த்த நாளிலிருந்தே அக்கா அவரை மனத்தில் முடிந்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. அவர் அம்மாதான் வீட்டுக்கு எல்லாம், கடலுக்குப் போகிற பிள்ளைகளையே அதட்டி இறக்குகிற மனுஷி. எங்கள் வீட்டுச் சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துல கச்சத்தீவுக்கு வரட்டும். அந்தோணியார் கோயில்ல வச்சு ரெண்டு பேரு வாயிலயும் சம்மதம் வரட்டும். இல்லாட்டி நான் வேற எடம் பார்த்துக்கிறேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

கச்சத்தீவுத் திருவிழா, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவசு காலத்தில் வரும். எங்கள் கரை, இலங்கைக் கரை இரண்டு கரைச் சனமும் வள்ளங்களில் போய் அங்கே தங்கிப் பூசை கண்டு திரும்பும். சம்பந்தம் பேசுவதும் அங்கேதான். அந்தோணியாருக்கு முன்னால் கொடுத்த சொல்லை மாற்றினால் வலை வெறுமனே வரும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். ஆகையால் அங்கே முடித்த சம்பந்தம் முடித்ததுதான். முடியாமல் போனாலும் போனதுதான்.

"இது மட்டும் நின்னு போகட்டும், இவங்க ரெண்டு பேரு மொகத்துலயும் சாகுற மட்டும் முழிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அவள் அழுமூஞ்சி அல்ல. சொன்னதைச் செய்கிறவள்.

நான் அப்போது மதுரையில் கன்னியர் நடத்திய கல்லூரி ஒன்றில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம், உப்புக்கும் சோடாவுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லி வைப்பேன். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். படிக்க வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

படிக்க வேண்டிய பாடமும் பொருத்தமாகத்தான் வாய்த்தது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கிற ஒரு மூலக்கூறு. ஒவ்வொரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனை இடுப்பில் தூக்கி வைத்திருக்கும். அந்த வளையம் தட்டையாகப் படுத்துக் கிடக்காது, மடங்கும். இரண்டு விதமாக மடங்கலாம். எதிரெதிர் முனைகள் இரண்டும் மேலே தூக்கி நின்றால் அது படகு வடிவம். ஒரு முனை மேலே, மறு முனை கீழே போனால் நாற்காலி வடிவம். நாற்காலியில் எல்லாம் சுகமாக இருக்கும், படகில் இருக்காது என்றார் எங்கள் டீச்சர். வகுப்பில் படகேறிப் பழகியவள் நான் ஒருத்திதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து, "படகுல என்ன கஷ்டம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"நெரிசல்" என்றார் டீச்சர். "படகோட ரெண்டு முனையிலயும் மேல நிக்கிற ஹைட்ரஜன் இருக்கே, அது ரெண்டும் உள்பக்கமாச் சாய்ஞ்சு ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். ஒவ்வொரு அணுவுக்கும் தன்னைச் சுத்திக் கொஞ்சம் இடம் வேணும். அதுக்குள்ள இன்னொண்ணு வந்தா தள்ளும். தள்ள முடியலைன்னா மூலக்கூறு முழுக்க இறுகிப் போகும்."

பக்கவாட்டிலும் ஒரு கஷ்டம் உண்டு என்றார். இரண்டு ஓரத்திலும் உள்ளவை ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்பதால் அவையும் முட்டிக்கொள்ளும். அந்த இறுக்கம் தாங்காமல் வளையம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கப் பார்க்கும், அப்போது கொஞ்சம் குறையும். முழுக்கத் தீர வேண்டுமானால் ஒரு முனை கீழே இறங்க வேண்டும். பிறகு ஒன்று சொன்னார்: "அணுவுக்குக் கோபதாபமெல்லாம் கிடையாதும்மா. இடம் பத்தலை, அவ்வளவுதான்."

இதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். வீட்டுக்குப் பின்னால் புன்னைமரம் இருந்தது. பச்சைப் புன்னைக்காய் ஆறு எடுத்தேன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி ஒடித்துக் காய்களை வளையமாகக் கோத்தேன். ஹைட்ரஜனுக்கு இலந்தைப்பழம். அம்மா வந்து பார்த்துவிட்டு, மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்ததற்கு மகள் விளக்குமாற்றைப் பிய்த்துச் செப்புச் சாமான் விளையாடுகிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இலந்தைப்பழத்தில் நாலைந்தை நான் தின்றுவிட்டது அவளுக்கு இன்னும் கோபம்.

அக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம வள்ளம்ல?" என்றாள். "இது அணியம், இது அமரம்." வள்ளத்தின் முன் முனையை அணியம் என்றும் பின் முனையை அமரம் என்றும் சொல்வோம். டீச்சர் எங்களுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அக்காவுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"ரெண்டு முனையிலயும் உள்ள எலந்தப்பழத்தைப் பாரு" என்றேன். இரண்டும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று முட்டி, ஒரு பழம் நசுங்கியே போயிருந்தது.

"தள்ளித் தள்ளித்தான இருக்கு, பெறகு எப்படி முட்டுது?"

"தள்ளி இருக்கிற மாதிரி தெரியும். ரெண்டும் தூக்கிக்கிட்டு எதிரெதிரே நிக்குதுல்ல, அதான் முட்டுது."

அக்கா ஒரு முனைக் காயைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். வளையம் ஒரு நொடி முரண்டு பிடித்தது, பிறகு சடக்கென்று மடங்கி நாற்காலியாகிவிட்டது. இலந்தைப்பழங்கள் எல்லாம் விலகி நின்றன. அவள் அதை மறுபடி தூக்கினாள், மறுபடி அமுக்கினாள். எனக்குப் படிக்க ஒன்றும் மிச்சம் வைக்காமல் வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

திருவிழாவுக்குப் போகிற அன்று அம்மாவும் பெரியம்மாவும் கூடி ஒரு திட்டம் போட்டார்கள். ஆம்பளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே வம்பு, ஒருவரை அணியத்திலும் ஒருவரை அமரத்திலும் ஏற்றிவிட்டால் நடுவில் இத்தனை சனமும் சட்டி பானையும் இருக்கும், ஒருவருக்கொருவர் தெரியவே தெரியாது என்று முடிவு செய்தார்கள். நான் புன்னைக்காய் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போய், இது சரிப்படாது என்று இலந்தைப்பழத்தைக் காட்டினேன். "அது காயி. இது மனுசன். போய்த் தண்ணிக் கொடத்தை எடு" என்றாள் அம்மா.

சுக்கான் பிடிக்க பெரியய்யா அமரத்தில் ஏறினார். கடல் பார்த்துச் சொல்ல அய்யா அணியத்தில் ஏறினார். இரண்டு வீட்டுச் சனமும், அரிசி மூட்டையும், மெழுகுவத்திக் கட்டும், தண்ணீர்க் குடங்களும் நடுப்பள்ளத்தில் இறங்கின. இரண்டு ஓரத்திலும் பெண்கள் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். பெரியம்மா கொஞ்சம் சரீரம் பெருத்தவர். அவருக்கு நேரெதிரே இடம் கிடைத்தது எனக்கு. பக்கவாட்டு முட்டலைப் பற்றி டீச்சர் சொன்னது முழுக்க அன்று எனக்கு விளங்கியது.

முனைகளுக்கு வருவோம். அமரத்தில் இருப்பவர் முன்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும், சுக்கான் பிடிக்கிறவர். அணியத்தில் இருப்பவரும் முன்னால் கடலைப் பார்க்க வேண்டியவர்தான். ஆனால் அண்ணன் பிடிக்கிற சுக்கானில் எங்கள் அய்யாவுக்கு நம்பிக்கை கிடையாது. அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுக்கானையே முறைத்து உட்கார்ந்தார். ஆக, எங்கள் தலைகளுக்கெல்லாம் மேலே, இரண்டு உயர்ந்த முனைகளில், இரண்டு மீசைகள் நேருக்கு நேர். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேலே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாயைக் கொஞ்சம் எளக்கினா என்ன?" என்று அய்யா பாய்மரத்தைக் கேட்டார்.

"எப்ப எளக்கணும்னு சுக்கான்ல இருக்கிறவனுக்குத் தெரியும்" என்று பெரியய்யாவும் அதே பாய்மரத்துக்குச் சொன்னார்.

"போன வாட்டியும் இப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"காத்தே இல்லாத அன்னைக்கு யாருக்கு என்ன தெரியும்?"

பாய்மரம் பாவம். அதற்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. அம்மா பயந்துபோய், "கொஞ்சம் திரும்பித்தான் ஒக்காருங்களேன்" என்று அய்யாவைக் கெஞ்சினாள். அய்யா அரைவாசி திரும்பி, முகத்தை வடக்கே வைத்துக்கொண்டார். முறுக்கிக்கொண்டு நிற்கும் வடிவம் இதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் வள்ளத்தில் கைப்பிள்ளைகள் கூட அழவில்லை. போகிற வழியிலேயே இரண்டு பேரும் வெடித்துவிட்டால் அந்தோணியாரைப் பார்க்காமலே வள்ளத்தைத் திருப்ப வேண்டியதுதான். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

நடுக்கடலில் பெரியம்மாதான் முதலில் சொன்னார், "என் சேலை நனைஞ்சிருக்கே."

குடம் சிந்தியிருக்கும் என்று நினைத்தோம். குடங்கள் எல்லாம் நிறைந்தபடிதான் இருந்தன. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மணலில் காய்ந்து கிடக்கும் வள்ளத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பலகை இடுக்குகளை அடைத்த பிறகுதான் கடலில் இறக்க வேண்டும். அது அண்ணன் வாரம் என்று தம்பி சும்மா இருந்துவிட்டார். இந்தப் பயணம் தம்பி மகளுக்காகத்தானே என்று அண்ணன் சும்மா இருந்துவிட்டார். மரத்திடமும் நாயிடமும் எல்லாவற்றையும் சொன்னவர்கள் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா தலையைத் தூக்கினாள். "அய்யா, கீழ எறங்கி வாங்க. தண்ணிய எறைங்க" என்றாள். அவள் குரலில் பயமே இல்லை. அய்யா ஓலைப்பட்டையை எடுத்துக்கொண்டு நடுப்பள்ளத்தில் குதித்தார். குனிந்து இறைக்க ஆரம்பித்தார். எங்கள் கண்ணுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மேலே பெரியய்யா ஒருவர்தான்.

"நாற்காலி ஆயிருச்சு" என்று அக்காவின் காதில் சொன்னேன்.

"தெரியுது. வாய மூடு" என்றாள்.

அய்யா பட்டை பட்டையாக அள்ளிக் கடலில் ஊற்றினார். பிறகு பெரியய்யா பாய்மரத்திடம், "தண்ணி எவ்வளவு நிக்குதாம்?" என்றார். குனிந்திருந்த அய்யாவுக்குப் பாய்மரம் தெரியவில்லை, மூச்சும் வாங்கியது. "சாணளவு இருக்கண்ணே" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

பெரியய்யாவும் பாய்மரத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "வலப்பக்கத்துப் பலகை இடுக்கைப் பாருப்பா. பழந்துணி இருந்தா வச்சு அமுக்கு" என்றார். பெரியம்மா தன் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அய்யா அமுக்கினார். தண்ணீர் மட்டுப்பட்டது. அதற்குப் பிறகுதான் தாங்கள் பேசிவிட்டது இரண்டு பேருக்கும் உறைத்தது போலிருக்கிறது. அய்யா விறுவிறுவென்று அணியத்துக்கு ஏறி மறுபடி சுக்கானை முறைக்கத் தொடங்கினார். கச்சத்தீவு வரும்வரை அந்தப் பழைய இறுக்கம்தான்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைப்பந்தல் போட்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பாய் விரித்தார்கள். அய்யாவையும் பெரியய்யாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. இருவரும் தோள் படாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்த வழி நல்லபடியா இருந்துச்சா?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "நாளைக்குத் திரும்புறதுக்குக் காத்து எப்படி இருக்கும்?"

கேட்கக் கூடாத கேள்வி உலகத்திலேயே அது ஒன்றுதான்.

"கொண்டல் கெடைக்கும்" என்றார் அய்யா.

"வாடைதான்" என்றார் பெரியய்யா.

இருவர் கழுத்து நரம்பும் புடைத்தது. அம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கப் போவது போல முழங்காலில் கையை ஊன்றினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பெண் பார்க்கிற சபையில் பெண் வாயைத் திறக்கும் வழக்கம் கிடையாது. அக்கா திறந்தாள். "அய்யா, வள்ளத்துல தண்ணி ஏறியிருக்கும். எறங்கிப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். சபை திகைத்தது. அய்யா அவளைப் பார்த்தார். வள்ளத்தில் கேட்ட அதே குரல். மறு பேச்சுப் பேசாமல் துண்டை உதறிக்கொண்டு கரைக்கு இறங்கினார். தோளை விரித்து உட்கார இடம் கிடைத்ததும் பெரியய்யாவின் நரம்பும் இறங்கிவிட்டது.

"பெரியய்யா, நீங்க சொல்லுங்க" என்றாள் அக்கா.

"எங்களுக்குச் சம்மதம்தான் தாயி. எங்க பிள்ளைய உங்க வீட்டுக்குக் குடுக்கிறதுல எனக்கும் தம்பிக்கும் சந்தோசம்" என்றார் பெரியய்யா. தம்பி என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பெரியம்மா கண்ணைத் துடைத்தார்.

"அய்யா ஒத்தையில எறைக்கிறாரு பெரியய்யா. நீங்க போய் மாத்திவிடுங்க" என்றாள் அக்கா. அவர் எழுந்து போனார். அந்த நேரத்தில் அய்யா ஏறி வந்துகொண்டிருந்தார். நடு மணலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுவிட்டார்கள். இதுதான் கண்டம். மேல் முனை கீழும் கீழ் முனை மேலுமாக நாற்காலி மாறி மடங்க வேண்டுமானால் நடுவில் படகைக் கடந்துதான் போயாக வேண்டும். அண்ணன் இடப்பக்கம் விலகினார், தம்பியும் அதே பக்கம் விலகினார். இருவரும் மறுபக்கம் விலகினார்கள். பெரியய்யாவின் துண்டு கீழே விழுந்தது. அய்யா எடுத்து, மணலை உதறி, அவர் தோளில் போட்டுவிட்டு வந்தார். நான் விட்ட பெருமூச்சு அந்தோணியாருக்கே கேட்டிருக்கும்.

அய்யா பாயில் காலை அகட்டி உட்கார்ந்து, "அண்ணன் என்ன சொன்னாரோ அதுதான் நானும்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் வாய் திறந்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"எங்க வீட்டுலயும் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே வள்ளம்" என்றார். "ஒருத்தன் இருக்கிற எடத்துல ஒருத்தன் இருக்க மாட்டேங்கிறான். உங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கிறீகன்னு பார்க்கத்தான் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். சமாளிக்கிறது யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பிள்ளைய எனக்குக் குடுத்துருங்க."

உயிர்த்த ஞாயிறு கழிந்து கல்யாணம் நடந்தது. என் பரீட்சையிலும் அந்தக் கேள்வி வந்தது. ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். அக்கா மண்டபத்துக்குப் போகிறபோது வாடிச் சுருங்கிய என் புன்னைக்காய் வள்ளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அத்தானை வலை பின்ன உட்கார்த்தினால் கொழுந்தனைக் கூரை வேயச் சொல்லுவாள். கூரை ஒழுகுகிறதா என்று ஒருமுறை கேட்டேன். "ஒழுகலை. ஆனா அவன் ஏறியாகணும்ல" என்றாள்.

எங்கள் அய்யாவும் பெரியய்யாவும் கரையில் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் வாரம் மாற்றி ஓட்டுவது நின்றுவிட்டது. ஒருவர் சுக்கானில், ஒருவர் பள்ளத்தில் பட்டையோடு, சேர்ந்தே கடலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் அக்கா தாய்வீட்டுக்கு வந்தபோது கரையில் கிடந்த வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தாள். வலப்பக்கப் பலகை இடுக்கில் பெரியம்மாவின் சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது.

"இன்னுமா இதை அடைக்கலை?" என்று கேட்டாள்.

"அதை அண்ணனைக் கேளு" என்றார் அய்யா.

பெரியய்யாவிடம் போய்க் கேட்டாள். அவர் நாயைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்: "அதை அடைச்சுட்டா பெறகு தம்பிக்கு வள்ளத்துல என்ன வேலை?"